பல வருடம் நின்ற எஸ்-கிளாஸ்: மெர்சிடிஸ் டபிள்யூ126-ஐ மீட்டெடுக்க வாங்கலாமா?

பத்து, பதினைந்து வருடம் ஷெட்டில் நின்ற ஒரு பழைய சொகுசு காரை மறுபடி ஓட வைக்க நினைப்பவர்களுக்கு எங்கள் முதல் பரிந்துரை மெர்சிடிஸ்-பென்ஸ் டபிள்யூ126 எஸ்-கிளாஸ்தான். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. வாங்கிய அன்றே பேட்டரியை மாட்டி சாவியைத் திருப்பிப் பார்க்கும் ஆசையை அடக்கத் தெரிய வேண்டும். இந்த கார் நிற்பதை நன்றாகவே தாங்கும். நின்ற காரை அவசரப்பட்டு ஸ்டார்ட் செய்தால் மட்டும் தாங்காது. அந்தச் சில நொடிகளில் போகக்கூடிய பாகங்கள் எவை என்று தெரிந்துகொண்டால், எந்த மாடலை வாங்குவது, எதை விடுவது என்பதும் தானாகத் தெளிவாகிவிடும்.

1979-இல் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் அறிமுகமாகி 1991 வரை தயாரான இந்த வரிசையில் செடான்கள் மட்டுமே எட்டு லட்சத்துக்கு மேல் வெளிவந்தன. சொகுசு கார்களில் இது மிகப் பெரிய எண்ணிக்கை. அதனால்தான் இன்றும் பிரேக் ஹோஸ் முதல் டைமிங் செயின் வரை புதிதாகக் கிடைக்கிறது. ஃபெல்பாக்கில் உள்ள மெர்சிடிஸ் கிளாசிக் சென்டர் தவிர, அசல் பாகங்களைச் செய்துகொடுத்த பாஷ், பெர், ஏடிஇ, லெம்ஃபோர்டர் போன்ற நிறுவனங்களின் பெட்டியிலேயே பல பாகங்களை வாங்கலாம். இரண்டாவது காரணம் வயரிங். 1990-களின் முற்பகுதியில் வந்த மெர்சிடிஸ்களில் வயரின் மேலுறை நொறுங்கி உதிர்ந்து, எஞ்சின் ஹார்னஸ் (எஞ்சினின் வயர்த் தொகுப்பு) முழுவதையும் மாற்ற வேண்டிய நிலை வந்தது. டபிள்யூ126 அந்தச் சிக்கலுக்கு முந்தைய தலைமுறை. முப்பது வருடம் நின்றிருந்தாலும் இதன் வயர்கள் பெரும்பாலும் வளைந்து கொடுக்கும்.

எந்த எஞ்சின்?

இங்கேதான் நிதானமாக யோசிக்க வேண்டும். நின்றுபோன காரைப் பொறுத்தவரை ஆறு சிலிண்டர் எஞ்சினும் வி8-ம் இரண்டு வேறு விதமாகக் கெடுகின்றன.

1985-க்குப் பிந்தைய 260எஸ்இ, 300எஸ்இ கார்களில் உள்ள எம்103 எஞ்சினுக்கு வார்ப்பிரும்பு பிளாக், அலுமினிய ஹெட். ஈரமான இடத்தில் நின்றிருந்தால், வால்வு திறந்த நிலையில் இருக்கும் சிலிண்டர்களுக்குள் காற்று போய்வந்து, பிஸ்டன் ரிங் நிற்கும் இடத்தில் வட்டமாகத் துரு பிடிக்கும். அப்படியே ஸ்டார்ட்டரால் சுழற்றினால் ரிங் உடையும், அல்லது சிலிண்டர் சுவரில் கோடு விழும். எம்116, எம்117 வி8 எஞ்சின்களுக்கு பிளாக்கே அலுமினியம்; உள்ளே இரும்பு லைனர் கிடையாது. சிலிண்டர் சுவரில் துரு என்ற பேச்சே இல்லை. அந்த வகையில் வி8 நிற்பதை மேலாகத் தாங்கும்.

ஆனால் வி8-இன் பலவீனம் மேலே இருக்கிறது. கிராங்கையும் வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்டையும் இணைக்கும் டைமிங் செயினை வழிநடத்தும் பிளாஸ்டிக் கைடுகள் வெப்பத்தாலும் வயதாலும் பழுப்பேறி நொறுங்கும் தன்மைக்கு வந்திருக்கும். செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் அழுத்தத்தில் வேலை செய்வது. பல வருடம் நின்றால் அதிலுள்ள ஆயில் வடிந்துவிடும். அந்த நிலையில் ஸ்டார்ட் செய்தால் தளர்ந்த செயின் சவுக்குபோல அடித்துக் கைடை உடைக்கும். உடைந்த துண்டு செயினுக்கும் பல்சக்கரத்துக்கும் நடுவில் போனால் செயின் பல் தாண்டும், வால்வுகள் வளையும். நல்ல நிலையில் இருந்த ஒரு வி8 இரண்டே நொடியில் பழைய இரும்பாவது இப்படித்தான்.

ஆகவே எம்116, எம்117 எதுவானாலும் முதல் வேலை இரண்டு வால்வு கவர்களையும் கழற்றுவது. மேல் கைடுகள் கண்ணுக்குத் தெரியும். அவை தேன் நிறத்தைத் தாண்டிக் கரும்பழுப்பாக இருந்தால், கைடுகள், டென்ஷனர், செயின் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். கைடு மட்டும் மாற்றி, நீண்டுபோன செயினை விட்டுவைப்பது அரைகுறை வேலை. செயின் எவ்வளவு நீண்டிருக்கிறது என்று பார்க்க, கேம்ஷாஃப்ட் குறியைத் தாங்கியின் குறியோடு நேராக வைத்து, கிராங்க் புல்லியில் எத்தனை டிகிரி விலகல் என்று படிக்க வேண்டும். இரண்டு மூன்று டிகிரி இயல்பு. பத்தை நெருங்கினால் வேறு பேச்சு வேண்டாம், மாற்ற வேண்டும்.

கவர் திறந்திருக்கும்போதே இன்னொன்றையும் பாருங்கள். கேம்ஷாஃப்டின் மேல் ஓடும் மெல்லிய ஆயில் குழாயை இணைக்கும் சிறு பிளாஸ்டிக் இணைப்புகள். விரலால் தொட்டாலே உடைந்துவிடும் நிலையில் இவை இருப்பது சகஜம். ஒன்று கழன்றாலும் அந்தப் பக்கத்துக் கேம் லோப்களுக்கு (வால்வை அழுத்தும் மேடுகளுக்கு) ஆயில் போகாது. சில நூறு கிலோமீட்டரில் லோப் தேய்ந்துவிடும். கேம்ஷாஃப்டின் விலையோடு ஒப்பிட்டால் இந்த இணைப்புகளின் விலை ஒன்றுமே இல்லை. நன்றாக இருப்பதுபோலத் தெரிந்தாலும் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள்.

1981 முதல் 1983 வரை அமெரிக்கச் சந்தைக்குப் போன 380 வி8 மாடல்களில் ஒற்றை வரிசை செயின்தான் இருந்தது. அது அறுந்துபோவதில் பெயர் பெற்றது. இரட்டை வரிசைக்கு மாற்றியதற்கான பில் இல்லாவிட்டால் அந்த காரை வாங்க வேண்டாம்.

முதல் சுழற்சி

எல்லா ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, சின்ன கேமரா ஒன்றை உள்ளே விட்டுப் பாருங்கள். லேசான பழுப்புத் தூசி பரவாயில்லை. விரல் நகத்தில் தட்டுப்படும் அளவுக்குத் தடித்த துரு வளையம் தெரிந்தால் ஹெட்டைக் கழற்றாமல் மேலே போகக் கூடாது. சுவர் சுத்தமாக இருந்தால், ஒவ்வொரு சிலிண்டரிலும் 10 முதல் 15 மில்லி மெல்லிய ஆயில் விட்டு இரண்டு நாள் அப்படியே விடுங்கள். பிறகு கிராங்க் புல்லி போல்ட்டில் 27 மி.மீ. சாக்கெட் மாட்டி, எஞ்சின் இயல்பாகச் சுழலும் திசையில், கையால் இரண்டு முழுச் சுற்று. நடுவில் தடுத்தால் பலம் கொடுக்கக் கூடாது. சற்றுப் பின்னால் திருப்பி, ஆயில் விட்டு, மறுநாள் முயலுங்கள். கேம்ஷாஃப்ட் போல்ட்டைப் பிடித்து எஞ்சினைச் சுழற்றுவது கூடவே கூடாது.

ஆயிலும் ஃபில்டரும் இப்போதே மாற வேண்டும்: எம்103-க்கு 6 லிட்டர், வி8-க்கு 8 லிட்டர். விலையுயர்ந்த சிந்தெடிக் இந்தக் கட்டத்தில் வீண். 15டபிள்யூ-40 அல்லது 20டபிள்யூ-50 மினரல் ஆயில் போதும், எப்படியும் 500 கிலோமீட்டரில் வடித்துவிடப் போகிறோம். அதன்பின் பெட்ரோல் பம்ப் ரிலேயையும் இக்னிஷன் யூனிட்டின் இணைப்பையும் கழற்றிவிட்டு, பிளக் இல்லாமலேயே ஸ்டார்ட்டரைப் பத்துப் பத்து நொடியாகச் சுழற்றுங்கள். ஒவ்வொரு முறைக்கும் நடுவே ஒரு நிமிடம் ஓய்வு. டேஷ்போர்டில் ஆயில் அழுத்த முள் எழும்பும்வரை இது தொடர வேண்டும். முள் எழுந்தால்தான் டென்ஷனருக்கும் கேமுக்கும் ஆயில் போய்ச் சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். இக்னிஷனை இணைப்பில் வைத்துக்கொண்டே, பிளக் வயர்கள் காற்றில் தொங்கச் சுழற்றினால் இக்னிஷன் காயிலும் யூனிட்டும் சேதமாகும்.

பேட்டரி புதியதாக இருக்கட்டும். ஓடிக்கொண்டிருக்கும் வேறு வண்டியிலிருந்து ஜம்ப் கொடுத்தால் மின்னழுத்தம் எகிறும் வாய்ப்பு உண்டு. அதைத் தடுக்கத்தான் ஓவர்வோல்டேஜ் ரிலே இருக்கிறது. ஆனால் அந்த ரிலேக்குள்ளிருக்கும் சால்டரே வயதால் விரிசல் விட்டிருக்கும். ஏபிஎஸ் விளக்கு அணையாமல் ஐடிலும் (கார் நிற்கும்போது எஞ்சின் ஓடும் வேகமும்) ஏறி இறங்கினால், முதல் சந்தேகம் இந்த ரிலே மீதும் அதன் தலையில் உள்ள 10 ஆம்பியர் ஃபியூஸ் மீதும் விழ வேண்டும்.

பெட்ரோல் அமைப்பு: காரின் உண்மையான சோதனை

1985-க்குப் பிந்தைய பெட்ரோல் டபிள்யூ126-களில் பாஷ் கேஇ-ஜெட்ரானிக் என்ற பெட்ரோல் இன்ஜெக்ஷன் இருக்கிறது. இயந்திரமும் எலக்ட்ரானிக்ஸும் கலந்த அமைப்பு. பராமரித்து ஓட்டினால் பல்லாண்டு உழைக்கும். கெட்ட பெட்ரோலில் நின்றால் இதைப்போல் செலவு வைப்பது வேறில்லை. மீட்டெடுக்கும் பட்ஜெட்டில் பெரும்பங்கை இதற்கென்றே ஒதுக்குங்கள்.

டேங்க்கில் 90 லிட்டர் பிடிக்கும். நின்ற பெட்ரோல் ஆவியாகி, மிச்சம் பிசினாக மாறும். எத்தனால் கலந்த பெட்ரோலாக இருந்தால் அது ஈரத்தை இழுத்து, எத்தனாலும் தண்ணீரும் பிரிந்து அடியில் தங்கி, இரும்பு டேங்க்கைத் துருப்பிடிக்க வைக்கும். எனவே முழுவதும் வடித்து, அடியில் உள்ள வலைவடியைக் கழற்றி, விளக்கடித்து உள்ளே பாருங்கள். தளத்தில் செதில் செதிலாகத் துரு இருந்தால் டேங்க் இறங்கித்தான் ஆக வேண்டும். மேலே புதுப் பெட்ரோல் ஊற்றிக் கழுவிவிட்டால் போதும் என்று சொல்லும் மெக்கானிக்கிடம் இந்த காரை விடாதீர்கள்.

பின் வலது பக்கம், அச்சுக்கு முன்னால், ஒரு பிளாஸ்டிக் மூடிக்குள் பம்ப், பெட்ரோல் அழுத்தத்தைத் தேக்கிவைக்கும் அக்குமுலேட்டர், ஃபில்டர் மூன்றும் ஒன்றாக இருக்கும். பெரிய வி8-களில் இரண்டு பம்ப்கள் அடுத்தடுத்து இருக்கும். ரப்பர் ஹோஸ்கள் எல்லாமே மாற வேண்டும், பார்க்க எப்படி இருந்தாலும் சரி. இந்த அமைப்பில் அழுத்தம் 5 பாருக்கு மேல். முப்பது வருட ஹோஸ் அந்த அழுத்தத்தில் பிளந்தால், பெட்ரோல் பீய்ச்சியடிப்பது சூடான எக்ஸாஸ்ட் மேல்.

புதுப் பம்ப் போட்டதும் நேராக எஞ்சினோடு இணைக்க வேண்டாம். ஃபில்டரிலிருந்து வெளிவரும் குழாயை ஒரு கேனில் விட்டு, சில லிட்டர் ஓடவிட்டு, வருவது தெளிவாக இருக்கிறதா பாருங்கள். பின்னர் எல்லாவற்றையும் இணைத்து, திரும்பிவரும் குழாயில் அளவெடுங்கள்: 40 நொடிக்குள் ஒரு லிட்டர் வர வேண்டும். வராவிட்டால் வலைவடி அல்லது ஃபில்டர் அடைத்திருக்கிறது, இல்லை பம்ப்புக்குப் போய்ச் சேரும் மின்னழுத்தம் குறைவு.

அடுத்து, ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் பெட்ரோலை அளந்து பிரித்தனுப்பும் ஃப்யூல் டிஸ்ட்ரிபியூட்டர். ஏர் ஃபில்டர் மூடியை எடுத்தால் வட்டமான காற்றுத் தட்டு தெரியும். அதன் கீழே நெம்புகோல், அதன் மேல் ஒரு நுண்ணிய பிளஞ்சர். பிசின் முதலில் பிடிப்பது இந்தப் பிளஞ்சரைத்தான். அமைப்பில் அழுத்தம் இருக்கும்போது தட்டை விரலால் மெதுவாக அழுத்தினால் தொடக்கம் முதல் கடைசிவரை ஒரே சீரான எதிர்ப்பு இருக்க வேண்டும். விட்டதும் தடையில்லாமல் திரும்ப வேண்டும். தட்டு திரும்பியும் பிளஞ்சர் மேலேயே தங்கினால் அது ஒட்டியிருக்கிறது. இந்தச் சோதனையின்போது பம்ப் ஓட, தட்டை அழுத்தியே வைத்திருக்கக் கூடாது. எல்லா இன்ஜெக்டரும் ஒரே நேரத்தில் பீய்ச்சி, சிலிண்டர் சுவரின் ஆயிலைக் கழுவிவிடும். அளவு அதிகமானால் பிஸ்டனுக்கு மேல் பெட்ரோல் தேங்கி, சுழற்றும்போது கனெக்டிங் ராடு வளையும்.

ஒட்டிய பிளஞ்சரை எமரி தாள் வைத்துத் தேய்ப்பது பெரும் பாவம். அதன் உருளைக்கும் அதற்கும் உள்ள இடைவெளி அவ்வளவு நுண்மையானது; கரைப்பானில் ஊறவிட்டு, தானாக விடும்வரை காத்திருக்க வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டரைத் தூக்கும்போது பிளஞ்சர் அடியிலிருந்து நழுவிக் கீழே விழும் என்பதை மறக்க வேண்டாம். விழுந்து கீறல் பட்டால் முடிந்தது. உள்ளே டயஃப்ரம் (மெல்லிய சவ்வு) கிழிந்திருந்தால் வீட்டில் சரிசெய்ய முயலாமல், ஓட்ட அளவு சோதிக்கும் மேடை வைத்திருக்கும் பட்டறைக்கு அனுப்புங்கள்.

இன்ஜெக்டர்களைச் சுத்தம் செய்வதில் நேரம் கழிக்க வேண்டாம். மொத்தமாகப் புதிது போடுங்கள், கூடவே ரப்பர் வளையங்களும். அந்த வளையங்கள் கல்போல இறுகி, அதன் வழியாகக் காற்று கசிந்து ஐடில் தள்ளாடும். இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும் ஐடில் ஹோஸ்களும் இதே குற்றவாளிகள். கசிவை அடைக்காமல் பெட்ரோல்-காற்றுக் கலவையைச் சரிசெய்யும் திருகைத் திருகி ஐடிலைச் சரிக்கட்டும் பழக்கம் பரவலாக இருக்கிறது. இந்த கார்களின் பாதிக் கோளாறு அப்படிச் செய்யப்பட்டதுதான். திருகைத் தொடும் முன் எல்லாக் கசிவும் அடைபட்டிருக்க வேண்டும். லாம்ப்டா சென்சார் (புகையிலுள்ள ஆக்சிஜனை அறியும் சென்சார்) உள்ள கார்களில் சோதனை சாக்கெட்டில் டியூட்டி சைக்கிளை (சிக்னல் இயங்கும் நேரத்தின் விகிதத்தை) அளந்து, எஞ்சின் சூடான நிலையில் 50 சதவீதத்தைச் சுற்றி ஏறி இறங்குமாறு வைக்க வேண்டும்.

பானட்டின் அடியில் ஒட்டிய பஞ்சு உதிர்ந்துகொண்டிருந்தால் ஸ்டார்ட் செய்யும் முன் சுரண்டி எடுத்துவிடுங்கள். அது நேராக ஏர் ஃபில்டருக்குள் போகும்.

பிரேக்

ஓடுவதற்கு முன் நிற்க வேண்டும், அதனால் இதில் சமரசம் கிடையாது. பிரேக் ஆயில் ஈரம் உறிஞ்சும். காலிப்பர் பிஸ்டன்கள் துருவேறிப் பிடித்திருக்கும். ரப்பர் ஹோஸ்கள் உள்ளுக்குள்ளேயே வீங்கி, அழுத்தத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும். ஹோஸ்களை மாற்றி, காலிப்பர்களுக்குச் சீல் கிட் போட்டு, டாட் 4 ஆயில் நிரப்புங்கள். பலர் சறுக்குவது ஆயில் மாற்றும்போது பெடலைத் தரைவரை மிதிப்பதில். மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் வழக்கமாகப் போகாத பகுதி அரித்துச் சொரசொரப்பாக இருக்கும். முழுதாக மிதித்தால் சீல் அங்கே உரசிக் கிழிந்துவிடும். அழுத்தம் கொடுத்துக் காற்று எடுக்கும் கருவியைப் பயன்படுத்துங்கள், அல்லது பெடலுக்கு அடியில் மரக்கட்டை வைத்துப் பாதித் தூரம் மட்டும் மிதியுங்கள்.

டயரில் எவ்வளவு பட்டன் மிச்சம் என்று பார்க்க வேண்டாம். பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கத் தயாரிப்பு வாரமும் வருடமும்தான் முக்கியம். பிந்தைய மாடல்களுக்கு 205/65 ஆர்15, எளிதாகக் கிடைக்கும் அளவு.

மற்றவை

ரேடியேட்டரின் மேல் ஹோஸ் மாட்டும் பிளாஸ்டிக் கழுத்து ஒருநாள் மொத்தமாக முறிந்துவிடும். நிறம் மங்கி வெடிப்பு தெரிந்தால் ரேடியேட்டரே புதிது. அலுமினிய எஞ்சினுக்கு ஏற்ற கூலண்டைச் சுத்தமான தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள், வெறும் தண்ணீர் வேண்டாம்.

இக்னிஷன் பூட்டில் சாவி லேசாகச் சிக்கினாலும் உடனே சிலிண்டரை மாற்றுங்கள். சாவி திரும்பும்வரை அது சாதாரண வேலை. திரும்பாமல் பூட்டிக்கொண்டால் துளைபோட்டுக் குடைந்து எடுக்க வேண்டிவரும்.

ஃபியூஸ்கள் தோட்டா வடிவப் பழைய வகை. முனைகளில் படியும் ஆக்சைடு பாதி மின்கோளாறுக்குக் காரணம். முழு செட்டையும் செம்பு முனை உள்ளதாக மாற்றுவதுதான் இந்த காரில் மிக மலிவான பழுதுபார்ப்பு.

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் நம்பகமானது. ஆயிலை வடிக்கும்போது டார்க் கன்வர்ட்டரிலும் ஒரு வடிகால் திருகு இருப்பதை விட்டுவிடாதீர்கள். அதை விட்டால் பழைய ஆயிலில் பாதி உள்ளேயே தங்கும். எஞ்சின் நீலப்புகை விட்டு, கியர் ஆயில் அளவும் குறைந்துகொண்டே போனால் எஞ்சினைப் பிரிக்க வேண்டாம். கியர்பாக்ஸில் உள்ள வேக்வம் மாடுலேட்டரின் டயஃப்ரம் கிழிந்து எஞ்சின் அந்த ஆயிலை உறிஞ்சுகிறது. சிறிய பாகம்.

ஏசி ஆர்-12 என்ற பழைய குளிரூட்டும் வாயுவுக்காகச் செய்யப்பட்டது. எவாப்பரேட்டர் கசிந்தால் டேஷ்போர்டு முழுதாக இறங்க வேண்டும். கார் ஓடி நம்பிக்கை வந்த பிறகு அதை யோசிக்கலாம்.

துரு மட்டும் தனி விஷயம். ஜாக்கி வைக்கும் இடங்கள், பின் கண்ணாடியின் கீழ் மூலைகள், முன் வீல் ஆர்ச்சின் பின்பகுதி ஆகியவற்றைத் தட்டிப் பாருங்கள். 1985-க்குப் பிந்தைய கார்களில் பக்கவாட்டு பிளாஸ்டிக் பலகைகளைக் கழற்றாமல் ஒரு முடிவுக்கும் வராதீர்கள். அதற்குப் பின்னால்தான் துரு ஒளிந்திருக்கும். எஞ்சின் வேலை எவ்வளவு ஆனாலும் கணக்குப் போட்டுவிடலாம், பாடி வேலைக்கு அது முடியாது.

எதை வாங்குவது

எங்கள் தேர்வு 300எஸ்இ அல்லது அதன் நீளமான எஸ்இஎல். எம்103 எஞ்சின் அதே காலத்து நடுத்தர மெர்சிடிஸான டபிள்யூ124-இலும் வந்ததால் பாகங்கள் தாராளம், எஞ்சின் அறையில் கை நுழைய இடமும் உண்டு. வால்வு சீல் இறுகி, காலையில் ஸ்டார்ட் ஆகும்போது கொஞ்சம் நீலப்புகை வரும். ஹெட்டைக் கழற்றாமலே சீல் மாற்றலாம். இரண்டாவது, வி8 கொண்ட 420: செயின் வேலையை ஏற்றுக்கொள்பவருக்கு அருமையான எஞ்சின். பெரிய வி8 கொண்ட 560எஸ்இஎல் ஓட்டுவதற்கு இந்த வரிசையின் சிகரம்தான்; மீட்டெடுக்க மிகக் கடினமானதும் அதுவே. பின் சஸ்பென்ஷனின் உயரம் சரிசெய்யும் ஹைட்ராலிக் அமைப்பு அதற்குக் கூடுதல் சுமை. பின்பக்கம் கட்டைவண்டிபோலக் குதித்தால் அந்த அமைப்பில் ஸ்பிரிங்போல வேலை செய்யும் இரண்டு வாயுக் கோளங்களிலும் நைட்ரஜன் போய்விட்டது என்று பொருள். அவை கிடைக்கும். ஆனால் முந்தைய உரிமையாளர் இதற்கென உள்ள ஸீஎச்-எம் ஹைட்ராலிக் ஆயிலுக்குப் பதிலாகக் கியர்பாக்ஸ் ஆயிலை ஊற்றியிருந்தால் சீல்கள் அனைத்தும் கெட்டிருக்கும். வாங்கும் முன் அந்த ஆயில் நிற்கும் ஜாடியைத் திறந்து பாருங்கள்; உள்ளே இருப்பது கியர்பாக்ஸ் ஆயில்போலச் சிவப்பாக இருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள், அல்லது அடுத்த காரைத் தேடுங்கள்.

முதல் ஸ்டார்ட்டில் லிஃப்டர்கள் (வால்வு இடைவெளியை ஆயில் அழுத்தத்தால் சரிசெய்யும் சிறு பாகங்கள்) டிக்டிக்கென்று சத்தம் போடுவது இயல்பு. கால்மணி நேரத்தில் அடங்க வேண்டும். வி8-இல் ஒரு பக்கம் மட்டும் அடங்கவில்லை என்றால் உடனே அணைத்து, அந்த ஆயில் குழாய் இணைப்புகளை மறுபடி பாருங்கள். ஆயில் அழுத்த முள் ஓட்டத்தில் 3 பாரில் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். சூடான ஐடிலில் இறங்குவது பரவாயில்லை. 500 கிலோமீட்டரில் எஞ்சின் ஆயிலும் ஃபில்டரும், அதோடு பெட்ரோல் ஃபில்டரும் மறுபடி மாற்றுங்கள். கழற்றிய பெட்ரோல் ஃபில்டரை அறுத்துப் பாருங்கள். உள்ளே பழுப்புத் தூள் இருந்தால் டேங்க் இன்னும் துருவை அனுப்பிக்கொண்டிருக்கிறது, புது இன்ஜெக்டர்கள் அடைபடும் முன் அதை இறக்கிவிடுங்கள்.